வீட்டில் நல்ல ஸ்டீரியோ செட் அமைப்பது: டர்பனில் எங்கள் ஆட்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் சொந்தக்காரர் வீடுகளிலும் நண்பர்கள் வீடுகளிலும் இதுவரை பதினைந்து இருபது செட் அமைத்துக் கொடுத்திருப்பேன். வீடுகள் வேறு வேறாக இருந்தாலும் சந்தேகங்கள் அதேதான். கோவிலில் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூட எதிர் இலையிலிருந்து ஒரு கேள்வி வரும். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதிலும் எழுதி வைத்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகக் கொஞ்சம் சிக்கலானவை.

அண்ணா, ஒரு நல்ல செட்டுக்கு மொத்தம் என்னென்ன வாங்க வேண்டும்?

மூன்று வேண்டும். பாட்டு வரும் இடம் ஒன்று: போன், சிடி பிளேயர், ரெகார்டு பிளேயர், எதுவானாலும் சரி. அதைப் பெரிதாக்க ஒரு ஆம்ப்ளிஃபையர். அப்புறம் இரண்டு ஸ்பீக்கர். இவற்றை இணைக்க ஒயர், சின்ன ஸ்பீக்கர் என்றால் அதை வைக்க இரண்டு ஸ்டாண்டு. பாட்டு கேட்க ஐந்து ஸ்பீக்கர், ஏழு ஸ்பீக்கர் எல்லாம் தேவையில்லை. அது படம் பார்ப்பவர்களுக்கு. ஒரே பணத்தில் ஐந்து சுமாரான ஸ்பீக்கர் வாங்குவதைவிட இரண்டு நல்ல ஸ்பீக்கர் வாங்குவது எவ்வளவோ மேல்.

கையில் 20,000 ராண்ட் இருக்கிறது. எதில் எவ்வளவு போடுவது?

நான் 11,000 முதல் 12,000 வரை ஸ்பீக்கருக்கு ஒதுக்குவேன். 5,000 அளவில் ஆம்ப்ளிஃபையர், மீதியில் ஸ்டாண்டு, ஒயர், தரைவிரிப்பு. தரைவிரிப்பையும் கணக்கில் சேர்க்கிறேன், அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

காரணம் இதுதான். ஆம்ப் செய்வது மின்சாரத்தை மின்சாரமாகவே பெரிதாக்குவது. அதை நன்றாகச் செய்ய இன்று அதிகச் செலவு ஆகாது. ஸ்பீக்கரோ மின்சாரத்தைக் காற்றின் அசைவாக மாற்ற வேண்டும். ஒரு கூம்பு, ஒரு சுருள், ஒரு காந்தம், ஒரு மரப்பெட்டி, இவற்றால் செய்யும் வேலை அது. ஒலி கெடுவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டு நல்ல ஆம்ப்பை மாற்றி மாற்றிப் போட்டால் வித்தியாசம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். ஸ்பீக்கரை மாற்றினால் சமையலறையில் இருக்கும் ஆளே எட்டிப் பார்த்து “என்ன மாத்தினே?” என்று கேட்பார்.

கடையில் ஒரு பெட்டியில் 3000 வாட் என்று போட்டிருக்கிறது. நீங்கள் காட்டுவது வெறும் 50 வாட். எது பெரிது?

50 வாட்தான் பெரிது. அந்த 3000க்குப் பக்கத்தில் பிஎம்பிஓ என்று சின்ன எழுத்தில் இருக்கும். கண் இமைக்கும் நேரத்துக்குள் வரக்கூடியதாகக் கணக்குப் போட்ட உச்ச எண் அது. அப்படி அளக்கப் பொதுவான முறை எதுவும் இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி இஷ்டம். ஆர்எம்எஸ் என்று போட்டிருப்பதை மட்டும் பாருங்கள், தொடர்ந்து தரக்கூடிய வாட் அது. அதிலும் எத்தனை ஓமுக்கு, இரண்டு பக்கமும் சேர்ந்து ஓடும்போதா என்று கேளுங்கள்.

இன்னொன்று. வாட் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது. 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் 3 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) தான் கூடும். அது காதுக்குத் தெரியும், ஆனால் கொஞ்சம்தான். இரண்டு மடங்கு சத்தம் என்று காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். வீட்டில் சாதாரணமாகக் கேட்கும்போது ஸ்பீக்கருக்குப் போவது ஒரு வாட் அளவுதான்.

ஸ்பீக்கர் பின்னால் 87 டெசிபல், 8 ஓம் என்று எழுதியிருக்கிறது. அதை வைத்து என்ன செய்வது?

87 டெசிபல் என்பது அதன் உணர்திறன். குறிப்பிட்ட சிறிய மின்னழுத்தம் (2.83 வோல்ட், 8 ஓமில் ஒரு வாட்) கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் இவ்வளவு சத்தம் வரும் என்று பொருள். 84 உள்ள ஸ்பீக்கருக்கு 87 உள்ளதைவிட இரண்டு மடங்கு வாட் வேண்டும். தரத்துக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரின் உணர்திறன் 83 டெசிபலைக்கூடத் தொடாது. ஆனாலும் மனிதக் குரலுக்கு அதை இன்றும் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

ஓம் என்பது ஆம்ப்புக்கு ஸ்பீக்கர் கொடுக்கும் எதிர்ப்பு. எண் குறைந்தால் ஆம்ப் அதிக மின்னோட்டம் தர வேண்டும். ஆம்ப்பின் பின்புறம் “6 முதல் 16 ஓம்” என்று இருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை அதில் மாட்டிச் சத்தமாக ஓட்டாதீர்கள், சூடாகி நின்றுவிடும்.

பெரிய ஆம்ப் வாங்கினால் சின்ன ஸ்பீக்கர் எரிந்துவிடாதா?

எரிவது பெரும்பாலும் தலைகீழான காரணத்தால். சின்ன ஆம்ப்பை முழுக்கத் திருகும்போது அதால் அலையின் உச்சியை எட்ட முடியாது, உச்சி தட்டையாக வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் கூர்மையான ஒலிகள் கூடிவிடும், அத்தனையும் ட்வீட்டருக்கு, அதாவது கூர்மையான ஒலிக்கென்று உள்ள சின்ன ஸ்பீக்கருக்கு, போகும். ட்வீட்டர் சுருளின் கம்பி தலைமுடி மாதிரி மெல்லியது.

என் அக்கா மகனின் 21வது பிறந்தநாள் விருந்தில் இதை நேரில் பார்த்தேன். 30 வாட் ஆம்ப், முற்றத்தில் எண்பது பேர், இரவு ஒன்பதரைக்கு வால்யூம் கடைசி வரை போய்விட்டது. முதலில் பாடுபவரின் ‘ச’கரம் எல்லாம் கரகரவென்று உடைந்தது. பத்து நிமிடத்தில் வார்னிஷ் கருகும் வாசனை. அப்புறம் இரண்டு ட்வீட்டரும் மௌனம். கரகரப்பு கேட்ட உடனே குறைத்திருந்தால் தப்பித்திருக்கும். அதனால் ஆம்ப் கொஞ்சம் பெரிதாக இருப்பது நல்லதே. கரகரப்பு வந்தால் கை உடனே வால்யூமுக்குப் போக வேண்டும். வெளி முற்றத்து விருந்துக்கு வாடகை பிஏ ஸ்பீக்கர் (கூட்டங்களில் வைக்கும் பெரிய ஸ்பீக்கர்) எடுங்கள், அது அதற்கென்றே செய்தது.

சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரா, தரையில் நிற்கும் டவரா?

அறையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 3.5 மீட்டருக்கு 4 மீட்டர் என்று இருக்கும் நம்முடைய வழக்கமான லவுஞ்சுக்கு நல்ல புக்‌ஷெல்ஃப் ஜோடி போதும். பெரும்பாலும் அதுதான் சரியும்கூட. ஒரே விலையில் டவரில் பெட்டி மரத்துக்கும் கூடுதல் வூஃபருக்கும் (அடி ஒலி தரும் பெரிய கூம்பு) பணம் போய்விடும். சின்னதில் அந்தப் பணம் ட்வீட்டருக்கும் கிராஸ்ஓவருக்கும் (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுப்பது) போகும். சின்ன அறையில் டவர் கொடுக்கும் பேஸ் (அடி ஒலி) என்ன பாடு படுத்தும் என்பதைக் கீழே ‘பூம்’ கேள்வியில் பாருங்கள்.

பெயர் மட்டும் புக்‌ஷெல்ஃப். புத்தக அலமாரிக்குள் திணிக்க வேண்டாம், ஸ்டாண்டு போடுங்கள்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது எந்தப் பாட்டைப் போடச் சொல்வது?

கடைக்காரர் போடும் பாட்டை வேண்டாம் என்று சொல்லுங்கள். அது அவருடைய ஸ்பீக்கருக்குப் பொருந்தும் பாட்டு. உங்களுக்கு மனப்பாடமான நாலைந்து பாட்டை நல்ல தரத்தில் போனில் எடுத்துக்கொண்டு போங்கள்.

முதலில் ஒரே ஒரு குரல், பின்னணி குறைவாக உள்ளது. பாடுபவர் மூச்சு இழுப்பது கேட்கிறதா? ‘ழ’வும் ‘ள’வும் தனித்தனியாகத் தெரிகிறதா? ‘ச’ வரும்போது ஊசி குத்துவது மாதிரி இருந்தால் அந்த ஸ்பீக்கர் வீட்டில் தலைவலி கொடுக்கும். கடையில் “அடடா, எவ்வளவு தெளிவு” என்று தோன்றும் பல ஸ்பீக்கர் இந்த ரகம்.

அடுத்து தம்புரா. தம்புராவின் பாலத்தில் கம்பிக்கு அடியில் ஒரு நூல் வைப்பார்கள், ஜீவா என்று பெயர். அதனால்தான் அந்த மினுமினுக்கும் ரீங்காரம். நல்ல ஸ்பீக்கரில் ஒவ்வொரு கம்பியும் மீட்டப்படும் கணமும், அதன்பின் ரீங்காரம் விரிவதும் தனியாகத் தெரியும். சுமாரானதில் தேனீக்கூடு மாதிரி ஒரே இரைச்சலாக ஓடும்.

மூன்றாவது மிருதங்கம். கோவிலில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இது எளிது. ரவை அப்பிய தொப்பிப் பக்கம் ‘தொம்’ என்று வந்து, கை அழுத்த அழுத்த ஸ்ருதி வளைந்து ஏறும். கரணை போட்ட வலந்தலை கணீரென்று நிற்கும். ‘தொம்’ வந்த பிறகும் பெட்டி தானாக முனகிக்கொண்டிருந்தால் அது ஸ்பீக்கரின் சொந்தச் சத்தம். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பது போல் தோன்றும்.

நல்ல ஸ்பீக்கர்தான் வாங்கினேன், டிவி கேபினெட் மேல் வைத்திருக்கிறேன். ஏன் கடையில் கேட்ட மாதிரி இல்லை?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் வீடு வீடாகப் போகிறேன். முக்கால்வாசிப் பேருக்குப் புதுச் சாமான் எதுவும் தேவைப்படுவதில்லை, இருப்பதை நகர்த்தினால் போதும்.

இரண்டு ஸ்பீக்கரும் நீங்கள் உட்காரும் இடமும் ஒரு சம முக்கோணமாக இருக்கட்டும். ஸ்பீக்கர்களுக்கு நடுவே 2 மீட்டர் என்றால் உங்கள் காதுக்கும் ஏறக்குறைய 2 மீட்டர். ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும், உட்கார்ந்தால் அது தரையிலிருந்து 90 முதல் 100 சென்டிமீட்டர். பின்சுவரிலிருந்து 40, 50 சென்டிமீட்டராவது முன்னால் இழுங்கள். மூலையில் ஒட்ட வைக்காதீர்கள், மூலை பேஸை ஊதிவிடும். முகப்பை உங்கள் பக்கம் கொஞ்சம் திருப்புங்கள். கேபினெட் மேல் இருந்தால் பலகையும் சேர்ந்து அதிரும், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை ஒலியைத் திருப்பி அனுப்பும்.

பிறகு ஒரு குரல் பாட்டைப் போட்டு, ஸ்பீக்கரை ஐந்து ஐந்து சென்டிமீட்டராக நகர்த்துங்கள். ஒரு கட்டத்தில் குரல் இரண்டு பெட்டியையும் விட்டு நடுவில், வெறுங்காற்றில், ஆள் நிற்பது போல் நிற்கும். ஃபீனிக்ஸில் என் மாமி வீட்டில் அது நடந்தபோது அவர் எழுந்து போய் நடுவில் இருந்த டிவிக்குப் பின்னால் இன்னொரு ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பார்த்தார். அந்த இடம் கிடைத்ததும் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள், வீடு கூட்டும்போது நகர்ந்தால் திரும்ப வைக்க.

ஸ்பீக்கர் மேல் காமாட்சி விளக்கையும் பூஜாடியையும் வைக்க வேண்டாம். எண்ணெய் சொட்டினால் கூம்பின் விளிம்பு போய்விடும்.

எங்கள் லவுஞ்ச் முழுக்க டைல்ஸ். கைதட்டினால் ‘டர்ர்’ என்று எதிரொலிக்கிறது. என்ன செய்வது?

தரைவிரிப்பு. ஸ்பீக்கருக்கும் சோஃபாவுக்கும் நடுவே ஒரு தடித்த விரிப்பு, முடிந்தால் அதற்கு அடியில் ஃபெல்ட். டர்பன் வெயிலில் கனமான திரை எல்லோருக்கும் ஒத்துவராது, அதனால் திரையைவிட விரிப்பையும் துணி சோஃபாவையும் முதலில் சொல்வேன். தோல் சோஃபா ஒலியைத் திருப்பி அனுப்பும், மேலே இரண்டு துணி விரிப்பு போட்டாலே மாறும்.

பக்கச் சுவரில் எந்த இடம் தொந்தரவு என்று கண்டுபிடிக்க ஒரு கண்ணாடி போதும். நீங்கள் சோஃபாவில் உட்காருங்கள், ஒருவர் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்தட்டும். எந்த இடத்தில் ட்வீட்டர் கண்ணாடியில் தெரிகிறதோ அங்கிருந்துதான் முதல் எதிரொலி வருகிறது. அங்கே புத்தகம் நிறைந்த அலமாரி அல்லது ஜமக்காளம் தொங்க விடுங்கள். முட்டை அட்டை ஒட்டுவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். பலன் மிகக் குறைவு, சீக்கிரம் தீப்பிடிக்கும், செய்யாதீர்கள்.

சோஃபாவில் உட்கார்ந்தால் பேஸ் ‘பூம் பூம்’ என்கிறது. எழுந்து கதவோரம் போனால் நன்றாக இருக்கிறது. ஸ்பீக்கர் பழுதா?

பழுது இல்லை, அறை பாடுகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சில ஸ்ருதிகள் மாட்டிக்கொண்டு நின்று வளரும். அந்த ஸ்ருதி எது என்று நீங்களே கணக்குப் போடலாம்: 172ஐ அறையின் நீளத்தால், மீட்டரில், வகுத்துக்கொள்ளுங்கள். 4 மீட்டர் நீளம் என்றால் 43 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 43 அதிர்வு. பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ். அதனால்தான் ஒரு பாட்டில் ஒரே ஒரு பேஸ் ஸ்வரம் மட்டும் வீடே அதிர வருகிறது, அடுத்த ஸ்வரம் காணாமல் போகிறது. நீளமும் அகலமும் ஒன்றாக உள்ள சதுர அறையில் இரண்டு பக்கமும் ஒரே ஸ்ருதியில் கூடுவதால் தொல்லை இன்னும் அதிகம்.

சோஃபா பின்சுவரை ஒட்டி இருந்தால் முதலில் அதை அரை மீட்டர் முன்னால் இழுங்கள். சுவரோரம்தான் இந்த ஸ்ருதிகள் உச்சத்தில் இருக்கும். அறையின் சரி நடுவிலும் உட்கார வேண்டாம், அங்கே அதே ஸ்ருதி செத்துப்போகும். ஸ்பீக்கரின் பின்னால் ஒரு வட்டத் துளை இருந்தால் அதற்கென்று வரும் பஞ்சு அடைப்பைச் சொருகிப் பாருங்கள், பேஸ் கொஞ்சம் இறுகும். மெல்லிய ஃபோம் ஷீட் இதற்குப் பயன்படாது. 43 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8 மீட்டர், இரண்டு சென்டிமீட்டர் ஃபோம் அதை என்ன செய்துவிடும்?

சப்வூஃபர் (அடி ஒலிக்கென்றே உள்ள தனிப் பெட்டி) சேர்க்கலாமா? எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒரே சுவர்.

சாட்ஸ்வொர்த்தில் 1960களிலிருந்து கட்டிய ஒட்டு வீடுகளில் வளர்ந்தவன் நான். அந்தச் சுவர் வழியாகப் பக்கத்து வீட்டு ஆயா இருமுவதே கேட்கும். உங்கள் சப்வூஃபர் அவர்கள் படுக்கையறைக்குள் போகும் என்பதில் சந்தேகமே வேண்டாம். அடியில் ரப்பர் வைத்தால் தரை அதிர்வு குறையும். காற்று வழியாகச் சுவருக்குப் போகும் அடி ஒலியை அது நிறுத்தாது. ஒட்டு வீடு என்றால் சப்வூஃபர் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

தனி வீடு என்றால் சரி. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை மட்டும் அதற்குப் பிரித்துக் கொடுங்கள், சத்தத்தைக் குறைவாக வையுங்கள். இடம் தேட ஒரு வழி: சப்வூஃபரைத் தற்காலிகமாக நீங்கள் உட்காரும் சோஃபாவில் வைத்துப் பாட்டைப் போடுங்கள். அறையில் தவழ்ந்து, எங்கே பேஸ் ஒரே சீராகக் கேட்கிறது என்று பாருங்கள். பெட்டி இருக்க வேண்டிய இடம் அதுதான்.

பழைய படப் பாட்டு போட்டால் சத்தம் எல்லாம் நடுவிலிருந்தே வருகிறது. இடது வலது பிரியவில்லையே?

பிரியாது, ஏனென்றால் அந்தப் பதிவு மோனோ, அதாவது இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஒலி. இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் பதியும் ஸ்டீரியோ யோசனைக்கு ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வர 1950களின் இறுதி ஆயிற்று. நம்முடைய படப் பாட்டில் அது பரவ இன்னும் நாளாயிற்று. நம் தாத்தா காலத்துப் பாட்டுகள் மோனோதான்.

அந்தப் பாட்டுகள் உங்கள் செட்டுக்கு நல்ல பரீட்சை. மோனோ பாட்டு இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே ஒரு முழ அகலத்துக்குள் உறுதியாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஸ்பீக்கர் வைத்த தூரம் சரியில்லை. நடுவே இல்லாமல் தலைக்குள்ளும் பக்கவாட்டிலும் கலைந்து கேட்டால், பேஸும் இல்லை என்றால், ஒரு ஸ்பீக்கரின் ஒயர் மாறியிருக்கிறது. அடுத்த பதிலைப் பாருங்கள்.

ஒயர் மீட்டர் 600 ராண்ட் என்கிறார்கள். அவ்வளவு நல்லது வேண்டுமா?

வேண்டாம். 2.5 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்பு ஒயர் வாங்குங்கள். 5 மீட்டர் தூரத்துக்குப் போய்த் திரும்பும் மின்தடை 0.07 ஓம்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. செம்பு பூசிய அலுமினியம் மட்டும் வேண்டாம். மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி. பழைய ஸ்பீக்கரில் நிறம் அழிந்துபோயிருந்தால், ஆம்ப்பிலிருந்து கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியை ஒயர் முனையில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். வூஃபர் கூம்பு வெளியே தள்ளினால் பேட்டரியின் கூட்டல் முனை தொட்ட ஒயர்தான் சிவப்பு. உள்ளே இழுத்தால் மற்றது.

போனிலிருந்து ப்ளூடூத் போதுமா?

பின்னணியில் ஓடவிட தாராளமாகப் போதும். உட்கார்ந்து கேட்பதற்கு வைஃபை வழியாக ஓடும் ஸ்ட்ரீமர் ஒன்றோ, போனில் மாட்டும் சின்ன டாக் (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கான மின்சாரமாக மாற்றும் கருவி) ஒன்றோ நல்லது. சிடி அளவுத் தரம், அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், வந்துவிட்டால் அதற்கு மேல் பெரிய எண்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பாட்டை எப்படிப் பதிந்தார்கள் என்பதுதான் அதன்பின் முக்கியம்.

ரெகார்டு பிளேயரை மாட்டினேன். சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது.

ஊசியிலிருந்து வரும் மின்சாரம் சில மில்லிவோல்ட்தான், சிடி பிளேயர் தருவது 2 வோல்ட். அது மட்டும் இல்லை, இசைத்தட்டில் பேஸைக் குறைத்தும் கூர்மையைக் கூட்டியும் வெட்டியிருப்பார்கள், ஆர்ஐஏஏ என்ற 1954ஆம் ஆண்டு முறைப்படி. அதைத் திருப்பிச் சரிசெய்ய ஃபோனோ என்ற தனி வாய் (இன்புட்) வேண்டும். உங்கள் ஆம்ப்பில் ஃபோனோ என்று எழுதிய வாயில் மாட்டுங்கள். இல்லை என்றால் சின்ன ஃபோனோ ப்ரீஆம்ப் ஒன்று வாங்கி நடுவில் வையுங்கள். பிளேயரின் மெல்லிய எர்த் ஒயரையும் ஆம்ப்பின் திருகில் கட்டுங்கள். ஸ்பீக்கர் வைத்திருக்கும் அதே பலகையில் பிளேயரை வைக்க வேண்டாம்.

ஆம்ப்பில் ‘ம்ம்ம்’ என்று ஓயாத இரைச்சல். பிளக்கின் எர்த் முள்ளை எடுத்துவிடச் சொல்கிறார்கள். எடுக்கவா?

எடுக்கவே கூடாது. உள்ளே ஒரு ஒயர் அறுந்து உலோகப் பெட்டியைத் தொட்டால் உங்கள் உயிரைக் காப்பாற்றுவது அந்த முள்தான்.

இந்த இரைச்சல் பெரும்பாலும் எர்த் இரண்டு வழியாக வளையமாக ஓடுவதால் வருகிறது. நம் வீடுகளில் வழக்கமான குற்றவாளி கூரையில் இருக்கும் சாட்டிலைட் டிஷ். டிகோடரின் (டிவிக்கான செட் டாப் பெட்டி) டிஷ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கண்டுபிடித்துவிட்டீர்கள். டிகோடரையோ டிவியையோ ஆம்ப்போடு ஆப்டிகல் கேபிளில் இணையுங்கள். அதில் ஒளிதான் போகும், மின்சாரம் போகாது, வளையம் அறுந்துவிடும். எல்லாப் பிளக்கையும் ஒரே மல்டிபிளக்கில் போடுவதும் உதவும்.

லோட் ஷெட்டிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) நேரத்தில் இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?

ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் ஓட்டலாம். மலிவான மாடிஃபைடு ரகம் படிக்கட்டு மாதிரி அலையைத் தரும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப் அதில் முனகும், சூடேறும். மின்சாரச் செலவு நீங்கள் பயப்படும் அளவு இல்லை. சாதாரண சத்தத்தில் ஒரு ஆம்ப்பும் ஸ்ட்ரீமரும் சேர்ந்து 60 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு 120 வாட்-மணிதான்.

2023இல் லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது, கரண்ட் போனதைவிட அது திரும்பி வந்த கணத்தில் கெட்டுப்போன சாமான்களைத்தான் அதிகம் பார்த்தேன். கரண்ட் போன உடனே ஆம்ப்பை அணையுங்கள். வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். சர்ஜ் பிளக் ஒன்று கட்டாயம். இடி இடித்தால் அதையும் நம்பாமல் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள், டிஷ் கேபிளையும் சேர்த்து.

சென்னையிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ ஆம்ப் கொண்டு வந்தால் இங்கே வேலை செய்யுமா?

இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கவலையே இல்லை. அங்கே கீசருக்கும் ஏசிக்கும் போடும் மூன்று தடித்த வட்ட முள் பிளக்தான் இங்கே பெரும்பாலானவற்றுக்கும். சின்ன முள் பிளக் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.

அமெரிக்கா 120 வோல்ட், ஜப்பான் 100 வோல்ட். நேராக மாட்டினால் புகைதான். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ரெகார்டு பிளேயரில் இன்னொரு சிக்கல்: மின்சாரத்தின் ஹெர்ட்ஸை நம்பிச் சுற்றும் பழைய மோட்டார் என்றால், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். டிரான்ஸ்ஃபார்மர் அதைச் சரிசெய்யாது.

பழைய ஸ்பீக்கர் ஜோடி மலிவாக வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் வூஃபரைச் சுற்றியுள்ள விளிம்பைப் பாருங்கள். அது ஃபோம் என்றால் நம் கடற்கரை ஈரத்தில் பத்துப் பதினைந்து வருடத்தில் பொடிந்துவிடும். விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள், கறுப்புத் தூளாக ஒட்டினால் முடிந்தது. புது விளிம்பு ஒட்ட முடியும், அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். ரப்பர் விளிம்பு நீண்ட நாள் வரும். அடுத்து பெட்டியின் அடிப்பலகை: ஈரம் குடித்து வீங்கியிருந்தால் வேண்டாம். இரண்டு கையின் விரல்களாலும் கூம்பைச் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். உரசும் சத்தம் வந்தால் சுருள் கோணியிருக்கிறது. கடைசியாக ட்வீட்டர் பாடுகிறதா என்று காதை ஒட்டி வைத்துக் கேளுங்கள்.

பழைய ஆம்ப் என்றால், வால்யூமைத் திருப்பும்போது வரும் கரகரப்பு பெரிய விஷயம் இல்லை, காண்டாக்ட் கிளீனர் தெளித்து முப்பது தடவை திருப்பினால் போய்விடும். பாட்டு இல்லாமல் ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்தால் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் மெக்கானிக்கிடம் காட்டாமல் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள்.

தாத்தாவின் ரேடியோகிராம் (ரேடியோவும் ரெகார்டு பிளேயரும் சேர்ந்த மரப்பெட்டி) கராஜில் கிடக்கிறது. கூடவே பழைய தட்டுகளும். போட்டுப் பார்க்கலாமா?

பிளக்கை மட்டும் மாட்டாதீர்கள். வால்வு ரேடியோகிராமுக்குள் 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும். ஐம்பது, அறுபது வருடம் ஆன கண்டன்சர்கள் முதல் தடவையிலேயே வெடிக்கலாம். வால்வு தெரிந்த ஒருவர் திறந்து பார்க்கட்டும். மரப்பெட்டி நன்றாக இருந்தால் எந்தக் காரணத்துக்கும் தூக்கிப் போடாதீர்கள்.

தட்டுகளில் நிமிடத்துக்கு 78 சுற்று என்று இருப்பவை அரக்குத் தட்டுகள், கீழே போட்டால் பீங்கான் மாதிரி உடையும். அவற்றின் பள்ளம் எல்பியின் (பின்னால் வந்த பிளாஸ்டிக் இசைத்தட்டு) பள்ளத்தைவிட மிக அகலம். எல்பி ஊசியில் போட்டால் ஊசி பள்ளத்தின் அடியில் உரசும், தட்டின் இரைச்சல்தான் கேட்கும். 78க்கென்று தனி ஊசி கிடைக்கிறது, உங்கள் கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்கும் பகுதி) பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். எல்பிகளை ரேடியோகிராமின் பழைய கனமான கையில் போட வேண்டாம், புது பிளேயரில் இரண்டு கிராம் எடையில் போடுங்கள். பூஞ்சை பிடித்த தட்டைத் துடைக்காமல் ஊசியை வைக்கக் கூடாது: வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய துணி, பள்ளம் போகும் திசையில் வட்டமாக, பிறகு வெறும் வடிநீர். நடுவில் இருக்கும் காகித லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரக்குத் தட்டுக்கு ஸ்பிரிட் கூடவே கூடாது, கரைந்துவிடும். நிமிர்த்தி நிறுத்திக் காயவிட்டு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் நிற்கிற மாதிரியே அடுக்குங்கள்.